ஏழ்மைக்கு எதற்குச் சிறை?

குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. தண்டனையே இல்லாத நாட்டில் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காது. வலியவன் சொன்னதே சட்டமாகிவிடும். ஆனால் ஒரே குற்றத்தைச் செய்த இருவரில் ஒருவர் அன்று மாலையே வீடு திரும்ப, மற்றவர் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறுகிறார். இந்த வேறுபாட்டிற்குக் காரணம் குற்றத்தின் பாரதூரம் அல்ல, சட்டைப்பையின் கனம்தான் என்றால் அதனை நீதி என்று அழைக்கலாமா? உயர்தரத்தில் அரசறிவியல் கற்கும் மாணவி என்ற வகையில் சில காலமாக என் மனதைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது.

சிறைச்சாலை என்றதும் எம்மில் பலருக்குக் கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் போதைப்பொருள் வியாபாரிகளுமே நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் எமது நாட்டின் சிறைகளை நிரப்பியிருப்பவர்கள் அவர்கள் மட்டுமல்லர். நாட்டிலுள்ள சிறைச்சாலைகள் தமது இடவசதியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோரைத் தாங்கி நிற்கின்றன. அவர்களில் அரைவாசிக்கும் அதிகமானோர் விளக்கமறியல் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். தீர்ப்பளிக்கப்பட்டு உள்ளே வருவோரை எடுத்துக்கொண்டால், ஆண்டுதோறும் அவர்களில் பெரும் பகுதியினர் நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமல் போனவர்கள். சிறைச்சாலைத் திணைக்களத்தின் வருடாந்தப் புள்ளிவிபரங்களே இதனைக் காட்டுகின்றன.

கொழும்பு பொரளையில் 1841ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கட்டிய வெலிக்கடைச் சிறைச்சாலையின் மதிலில் ‘கைதிகளும் மனிதர்களே’ என்ற வாசகம் எழுதப்பட்டிருப்பதை அவ்வழியால் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். அதே 1841இல்தான் அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டமும் இந்நாட்டில் கொண்டுவரப்பட்டது. வேலையற்றுத் திரிவதும் பிச்சை எடுப்பதும் அச்சட்டத்தின் கண்ணில் குற்றங்கள். சிறைச்சாலைக் கட்டளைச் சட்டம் 1877இலும், தண்டனைச் சட்டக்கோவை 1883இலும் வந்தன. குடியேற்ற ஆட்சியாளர்களுக்கு ஏழை என்பவன் சந்தேகத்திற்குரியவன். அவர்கள் போய்விட்டார்கள், அந்தச் சந்தேகம் மட்டும் எமது சட்டப் புத்தகங்களில் ஆங்காங்கே தங்கிவிட்டது.

தண்டப்பணம் எவ்வாறு சிறையாக மாறுகிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. நீதவான் நீதிமன்றத்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அல்லது குற்றவாளியாகக் காணப்படுகிறார். குற்றம் சிறியதாக இருந்தால், ‘தண்டப்பணம் இத்தனை ரூபா, செலுத்தத் தவறினால் இத்தனை மாதச் சிறை’ என்று தீர்ப்பு வரும். வசதியுள்ளவர் முதற் பாதியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டும் இடத்திற்குப் போகிறார். வசதியில்லாதவரின் காதில் விழுவது இரண்டாம் பாதிதான். நீதவான் இருவருக்கும் கொடுத்தது ஒரே தீர்ப்பு. அனுபவிக்கப்படுவதோ இரண்டு வெவ்வேறு தண்டனைகள்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எமது வீட்டிலிருந்து நாலைந்து வீடுகள் தள்ளி ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டு மாமா அடுத்தவரின் உழவு இயந்திரத்தில் கூலிக்கு மணல் ஏற்றுபவர். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றியதற்காக ஒருநாள் பிடிபட்டார். உழவு இயந்திரத்தின் சொந்தக்காரர் சட்டத்தரணியோடு வந்து தனது தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்கு 40,000 ரூபா தண்டம். கட்டாவிட்டால் மூன்று மாதச் சிறை. அவ்வளவு பணத்தை அவர் ஒன்றாகக் கண்டதே இல்லை. அன்று பின்னேரமே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். மாமி அடகு வைக்கத் தோட்டைத் தேடினார். அது ஏற்கனவே அடகில்தான் இருந்தது.

மூன்று மாதத்தை 90 நாட்களாகக் கொண்டு 40,000 ரூபாவைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 444 ரூபா. ஒரு மனிதனின் ஒரு நாள் சுதந்திரத்திற்குப் போடப்பட்ட விலை அதுதான். மாமாவின் நாட்கூலி அப்போது 2,500 ரூபா. அவரை வெளியே விட்டு, வேலை செய்து தவணை முறையில் கட்டும்படி சொல்லியிருந்தால், 16 நாட் கூலியில் முழுத் தண்டமும் அரசாங்கத்தின் கைக்கு வந்திருக்கும். வீட்டுச் செலவு போக மீதியைத்தான் கட்ட முடியும் என்று வைத்துக்கொண்டாலும் சில மாதங்களில் முடிந்திருக்கும். நடந்தது என்ன? அக்கம்பக்கத்தார் சேர்ந்து காசு திரட்டி, 19ஆம் நாள் அவரை வெளியே எடுத்தார்கள். உள்ளே கழித்த நாட்களுக்குரிய தொகை போக மீதி 31,500 ரூபா சொச்சத்தைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த 19 நாட்களும் அரசாங்கம் அவருக்குச் சோறு போட்டது, காவல் வைத்தது. வரவேண்டிய பணமும் முழுதாக வரவில்லை. இதில் யாருக்கு என்ன இலாபம்?

நட்டக்கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. மாமாவின் மகள் என்னைவிட இரண்டு வகுப்புக் குறைவாகப் படிக்கிறாள். அந்த நாட்களில் வகுப்பில் யாராவது கேட்டால், “வாப்பா கட்டாருக்குப் போயிருக்கிறார்” என்றுதான் சொன்னாள். மாமி அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். தண்டனை மாமாவுக்கு. பொய் சொல்லும் பாரத்தைச் சுமந்தது, எந்தக் குற்றமும் செய்யாத ஒரு பிள்ளை.

ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் சார்ள்ஸ் டிக்கன்ஸை அறிவார்கள். அவருடைய தந்தை கடனைக் கட்ட முடியாமல் 1824ஆம் ஆண்டு இலண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது டிக்கன்ஸுக்கு வயது 12. படிப்பை நிறுத்திவிட்டு, சப்பாத்து மை தயாரிக்கும் இடமொன்றில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டும் வேலைக்கு அவர் அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் உலகமே போற்றும் எழுத்தாளரான பின்னரும் அந்த நாட்களைப் பற்றி அவர் தன் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் இறந்த பின்னர் நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே உலகம் அதனை அறிந்துகொண்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய இலண்டன் சிறுவனுக்கும் எங்கள் ஊர்ச் சிறுமிக்கும் இடையில் உள்ள தூரம் இந்த ஒரு விடயத்தில் மிகச் சிறியது. இருவரும் தந்தையின் வறுமையை ஒரு குற்றம்போல மறைக்க வேண்டியிருந்தது.

கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தை இங்கிலாந்து 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. கடனும் தண்டப்பணமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். கடன் வாங்கியவர் குற்றம் செய்தவர் அல்லர். தண்டம் விதிக்கப்பட்டவர் சட்டத்தை மீறியவர். ஆனால் அவருடைய குற்றத்திற்குப் போதுமான தண்டனை பணம்தான், சிறை தேவையில்லை என்று நீதிமன்றமே தீர்மானித்துவிட்ட பின்னர், அவர் சிறைக்குப் போவது அந்தக் குற்றத்திற்காக அல்லவே! கையில் பணம் இல்லை என்பதற்காகத்தான்.

சிறை என்பது சில வாரங்கள் தங்கிவிட்டு மறந்துவிடக்கூடிய இடமும் அல்ல. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு, அங்குள்ள நெரிசலையும் சுகாதாரச் சீர்கேட்டையும் விரிவாக எடுத்துரைத்தது. படுத்துப் புரள இடமில்லாத கூடங்களில், முதன்முறை தவறிழைத்தவரும் குற்றத்தையே தொழிலாகக் கொண்டவரும் அருகருகே உறங்குகின்றனர். தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போன ஓர் இளைஞர், வெளியே வரும்போது ‘ஐஸ்’ விற்பவரின் தொலைபேசி இலக்கத்தோடு வந்தால் அதற்கு யார் பொறுப்பு? 2020 நவம்பரில் கொரோனா அச்சத்தின் மத்தியில் மஹர சிறைச்சாலையில் வெடித்த கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நெருக்கமாக அடைக்கப்பட்ட மனிதர்களுக்கு நோயும் பயமும் எவ்வளவு விரைவில் தொற்றும் என்பதற்கு அந்த நாள் ஒரு சாட்சி.

வெளியே வந்த பின்னரும் தண்டனை தொடர்கிறது. விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். பசித்த பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடிய ஜீன் வால்ஜீன், தப்பியோட முயன்றதற்கான தண்டனைகளும் சேர்ந்து 19 ஆண்டுகளைச் சிறையில் கழிக்கிறான். விடுதலையான பின்னர் அவன் கையிலிருந்த மஞ்சள் நிறப் பத்திரத்தைக் கண்டதும் தங்குவதற்கு எவரும் இடம் தர மறுக்கின்றனர். எமது ஊர்களில் மஞ்சள் பத்திரம் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. அந்த வேலையை எமது வாய்களே செய்துவிடுகின்றன. ‘ஜெயிலுக்குப் போய் வந்தவன்’ என்ற ஒரு சொல் போதும். வேலை கேட்டுப் போனாலும், மகளுக்கு வரன் பார்த்தாலும் அந்தச் சொல் அவருக்கு முன்னே போய் நிற்கும். எதற்காகப் போனார், எத்தனை நாள் இருந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

விளக்கமறியலின் கதையும் இதற்கு நெருங்கிய உறவுதான். பிணை வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்பதுதான் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. ஆனால் பிணை கிடைத்தாலும் பிணையாளிகள் வேண்டும். அவர்களுடைய வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்தும் பத்திரங்கள் வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தரிடம் அலைய ஆள் வேண்டும். தூர ஊரிலிருந்து கொழும்புக்கு வேலை தேடி வந்த ஒருவருக்கு இவற்றையெல்லாம் யார் செய்து கொடுப்பது? பிணை வழங்கப்பட்டும் அதனை நிறைவேற்ற முடியாமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த தவறு, தீர விசாரிக்காமல் தண்டித்தது. அந்த அநீதிக்காக ஒரு நகரமே எரிந்ததாகப் படித்துக் கண்ணீர் விடுகிறோம். விசாரணை முடியும் முன்பே மாதக் கணக்கில், சிலவேளை ஆண்டுக் கணக்கில் அடைபட்டிருப்பவரைப் பற்றி என்ன நினைக்கிறோம்?

எமது பாடசாலை விவாத மேடைகளில் தண்டனை என்ற தலைப்பு வந்தால், பேச்சு உடனே தூக்குமேடைக்குத்தான் போகிறது. மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு அணிகள் மோதிக்கொள்கின்றன. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் மாதத்தில். அதன் பின்னர் நீதிமன்றங்கள் மரண தண்டனையை விதித்து வந்தாலும் அது நிறைவேற்றப்படவில்லை. 2019இல் நான்கு பேருக்கு அதனை நிறைவேற்ற அப்போதைய ஜனாதிபதி கையொப்பமிட்டபோதும் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அரை நூற்றாண்டாக நடக்காத ஒன்றைப் பற்றி நாம் தொண்டை வரளப் பேசுகிறோம். ஒவ்வொரு வேலை நாளும் நீதிமன்றங்களில் நடக்கும் இந்தச் சிறிய அநீதியைப் பற்றிப் பேச ஒரு மேடையும் கிடைப்பதில்லை.

இதற்கு மாற்று வழி இல்லையா? இருக்கிறது. அதுவும் எமது சட்டத்திலேயே இருக்கிறது. தண்டப்பணத்தைக் கட்டுவதற்குக் கால அவகாசம் கொடுக்கவும், தவணை முறையில் கட்ட அனுமதிக்கவும் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பிறப்பிக்க வழி செய்தது. அதன் கீழ் ஒருவர் தன் வீட்டிலேயே இருந்துகொண்டு, தொழிலையும் பார்த்துக்கொண்டு, குறிப்பிட்ட மணித்தியாலங்கள் சம்பளமின்றிப் பொதுவேலை செய்யலாம். வைத்தியசாலை வளவைத் துப்புரவு செய்யலாம், பாடசாலைக்கு வர்ணம் பூசலாம். போதைக்கு அடிமையானவராக இருந்தால் சிகிச்சையும் ஆலோசனையும் பெறச் செய்யலாம். இதனைக் கண்காணிப்பதற்கென்றே ஒரு திணைக்களமும் உத்தியோகத்தர்களும் இருக்கின்றனர். சிறைக்கு வெளியிலான தண்டனைகளை ஊக்குவிக்கும் விதிகளை ஐக்கிய நாடுகள் சபை 1990இலேயே ஏற்றுக்கொண்டது. அவை ‘டோக்கியோ விதிகள்’ என அழைக்கப்படுகின்றன. ஆகவே புதிதாக எதனையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருக்கும் கதவைத் திறந்தால் போதும்.

ஆனால் அந்தக் கதவு இருப்பது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரிய வேண்டுமே! சட்டத்தரணி வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவர் கூண்டில் ஏறியதும் பயத்தில் தலையசைத்துவிட்டு இறங்குகிறார். ‘தவணை கேட்கலாம்’, ‘பொதுவேலை கேட்கலாம்’ என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. வசதியற்றோருக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு இயங்குகிறது. அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் எமது ஊர்களில் எத்தனை பேர்! வழக்கு நடக்கும் மொழியே சரியாக விளங்காத நிலையில் நிற்பவர்களின் பாடு இன்னும் மோசம்.

வேறு நாடுகள் இந்தப் பிரச்சினையை எப்படி அணுகின என்றும் பார்க்கலாம். பின்லாந்து 1921ஆம் ஆண்டிலேயே வருமானத்திற்கேற்ற தண்டமுறையைக் கொண்டுவந்தது. அங்கே குற்றத்தின் அளவைப் பொறுத்து இத்தனை ‘நாட்கள்’ என்று முதலில் தீர்மானிக்கப்படும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது குற்றவாளியின் வருமானத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே தவறுக்குச் செல்வந்தர் பெரிய தொகையும் கூலித் தொழிலாளி சிறிய தொகையும் கட்டுவார்கள். வலி மட்டும் இருவருக்கும் சமமாக இருக்கும். அமெரிக்காவில், ‘பியர்டன் எதிர் ஜோர்ஜியா’ என்ற வழக்கில் 1983ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியது. பணம் கட்டாததற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முன்னர், அவர் கட்ட மறுக்கிறாரா, கட்ட முடியாமல் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ‘மாட்டேன்’ என்பதற்கும் ‘முடியாது’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறு பிள்ளையும் அறியும். சட்டமும் அறிந்திருக்க வேண்டும் என்பதே எனது வாதம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. அதனைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. ‘சிறை என்ற பயம் இல்லாவிட்டால் எவர்தான் தண்டப்பணம் கட்டுவார்? ஏழை என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் தப்பிவிட மாட்டார்களா?’ என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். வசதியிருந்தும் கட்ட மறுப்பவருக்குச் சிறை இருக்கட்டும். அதை நீக்கச் சொல்லவில்லை. முடியாதவருக்கும் தண்டனை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பணமாகக் கட்ட முடியாதவர் உழைப்பாகக் கட்டட்டும். வாரத்தில் ஒரு நாள் ஊரறியக் கான் துப்புரவு செய்வது இலேசான தண்டனை அல்ல. ஆனால் அந்தத் தண்டனை முடிந்து மாலையில் அவர் தன் பிள்ளைகளிடம் திரும்பிப் போகலாம். அடுத்த நாள் கூலிக்குப் போகலாம். ஊருக்கும் ஒரு வேலை நடந்திருக்கும். ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்கக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் இருக்கின்றன. நிவாரணம் கொடுக்கும்போது யார் ஏழை என்று தேடிப்பிடிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, தண்டனை கொடுக்கும்போது மட்டும் அது தெரியாமல் போவது எப்படி?

இன்னொன்றையும் கவனியுங்கள். சுதந்திர தினம், வெசாக், நத்தார் போன்ற நாட்களில் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்குகிறார். தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களும் அவ்வாறு விடுவிக்கப்படுவதைச் செய்திகளில் காண்கிறோம். அவர்களை வெளியே விடுவதால் நாட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இதன் பொருள். பெருநாளுக்கு விடக்கூடியவரை முதலில் அடைத்ததன் நோக்கம் என்ன? மன்னிப்பு நல்லதுதான். ஆனால் நீதியாகக் கிடைக்க வேண்டியது கருணையாகக் கிடைப்பதற்காக ஓர் ஏழை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சட்டத்தை மாற்றுவது முடியாத காரியம் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். 2005ஆம் ஆண்டு வரை எமது நாட்டில் கசையடி ஒரு சட்டபூர்வமான தண்டனையாக இருந்தது. அவ்வாண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் அதனை நீக்கியது. எட்டு வயதுப் பிள்ளையையும் குற்றவாளியாகக் கருதலாம் என்றிருந்த ஏற்பாடு 2018இல் திருத்தப்பட்டு, அந்த வயது 12 ஆக உயர்த்தப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்தவை, அவை தவறு என்று போதுமான பேர் சொன்னபோது அசைந்தன. தண்டப்பணம் விதிக்க முன்னர் வருமானத்தை விசாரிப்பதும், தவணையையும் பொதுவேலையையும் முதல் தெரிவாக்குவதும் அவற்றைவிடக் கடினமான மாற்றங்கள் அல்ல.

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுமா? ஸக்காத் பெறத் தகுதியானோர் என மார்க்கம் வகுத்த எட்டுக் கூட்டத்தாரில் கடனில் மூழ்கியவர்களும், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியவர்களும் அடங்குவர். நோன்பு காலத்தில் எமது பள்ளிவாசல்களில் உலர் உணவுப் பொதிகள் மலைபோல் குவிகின்றன. அவற்றோடு, அந்த ஊரில் சிறு தொகையைக் கட்ட முடியாமல் சிறையில் இருப்பவர் எவரும் உண்டா என்று விசாரிப்பதற்கு ஒரு குழு இருந்தால் என்ன? ஸக்காத் நிதியிலிருந்து கொடுப்பது சரியா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஸதகாவாகக் கொடுப்பதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. உதவி பெறுபவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் அவருடைய பிள்ளைக்கு அன்று வாப்பாவோ, அப்பாவோ, தாத்தாவோ வீடு வந்து சேர்வார்.

மாணவிகளாகிய எமக்கும் இதில் பங்குண்டு. எமது வகுப்பில் தந்தை உள்ளே இருக்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவளைப் பற்றி இடைவேளையில் குசுகுசுப்பதை நிறுத்துவதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. எம்மில் சிலர் சட்டபீடத்திற்குச் செல்வார்கள். கறுப்பு மேலங்கி அணியும் அந்த நாளில், கட்டணம் தர முடியாதவருக்காக எழுந்து ‘இவருக்குத் தவணை வழங்குங்கள்’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். சிலர் கிராம உத்தியோகத்தர்களாக, சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர்களாக வருவார்கள். நாம் அனைவரும் வாக்களிக்கும் வயதை அடைவோம். ‘குற்றவாளிகளை அடக்குவோம்’ என்று மேடையில் முழங்கும் வேட்பாளரிடம், எந்தக் குற்றவாளியை, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று அப்போது கேட்க வேண்டும்.

சிறை என்பது, எவரிடமிருந்து சமூகத்தைப் பாதுகாக்க வேண்டுமோ அவருக்குரியது. ஆளைக் கொன்றவருக்கும், பெண்ணைச் சிதைத்தவருக்கும், பிள்ளைகளின் கையில் போதைப்பொருளைக் கொடுத்தவருக்கும் அதன் கதவுகள் இறுகப் பூட்டியிருக்கட்டும். கையில் 40,000 ரூபா இல்லை என்பதற்காக ஒருவரை அங்கே அடைக்கும்போது, நாம் தண்டிப்பது அவருடைய குற்றத்தை அல்ல. அவர் பிறந்த வீட்டை.